விழுந்த முட்டு, திரும்பின முட்டு

எங்கள் கரையில் பந்து விளையாடிய எவனுக்கும் கால்விரல் நகம் பத்தும் முழுசாக இருந்ததில்லை. பூட்ஸ் என்கிற சாமானை நாங்கள் படத்தில்தான் பார்த்திருந்தோம். வெறுங்கால், ஈர மணல், அந்த மணலுக்குள் கிளிஞ்சல், உடைந்த சங்கு, வலையை உதறியபோது விழுந்து காய்ந்த கெளுத்தி முள். பெருவிரல் நகம் பெயர்ந்து தொங்கினால் அலையில் காலை நனைத்துவிட்டு, வேட்டி ஓரத்தைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மறுபடி ஓடி வருவார்கள். குதிகாலில் முள் ஏறினால் ஒருவன் காலைப் பிடிக்க, இன்னொருவன் பல்லால் கடித்து எடுப்பான். கணுக்கால் வீங்கினால் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒற்றடம் கொடுப்பார்கள். இரண்டு நாளில் அடங்காவிட்டால்தான் அதற்குக் காயம் என்றே பெயர்.

பந்து மாதா கோயிலுக்குச் சொந்தம். பங்குச் சாமியார் நாகர்கோவிலிலிருந்து வாங்கி வந்தது. தோலுக்குள் பிளாடரை வைத்து ஊதி, வாயைத் தோல்வாரால் இழுத்துக் கட்ட வேண்டும். நனைந்துவிட்டால் கல்லாகக் கனக்கும். அதைத் தலையால் முட்டியவன் நெற்றியில் வாரின் தடம் ஒரு வாரம் கிடக்கும். அந்த ஒரு வாரமும் அவன் தலைமுடியை மேலே தூக்கி வாரிக்கொண்டுதான் வெளியே போவான்.

நானும் விளையாடினேன். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் ஒரு மாதிரி சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி, நாங்கள் அந்த ராஜ்யத்தின் தென்கோடியில் கிடந்த காலம் அது. எனக்குப் பதினாலு முடிந்து பதினைந்து நடந்தது. பெண்பிள்ளைகள் பந்து விளையாட வேண்டும் என்று எந்தப் புண்ணியவானும் எங்களைக் கூப்பிடவில்லை. சாளை மீன் வரும் மாதங்களில் கொஞ்சம் வளர்ந்த பையன்களையெல்லாம் கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சாயங்காலம் கரையில் மிச்சம் இருப்பவர்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு ஏழு, இன்னொரு பக்கத்துக்கு நாலு என்று நிற்கும். அந்த நாலு பேரில் ஒருவன் ஒருநாள் என்னைப் பார்த்து, "ஏட்டி, சும்மா தானே நிக்கே, இங்கன வந்து நில்லு" என்றான். நின்றேன். என் மாமன் மகள்கள் இரண்டு பேரும் என்னோடு வந்து நின்றார்கள். முதல் வாரம் எங்களைக் கோல் காக்கத்தான் வைத்தார்கள். இரண்டாவது வாரம் நான் பந்தைப் பிடித்துக்கொண்டு கோலை விட்டு ஓடிப்போய் மறுபக்கத்தில் அடித்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு யாரும் என்னைக் கோல் காக்கச் சொல்லவில்லை.

பாவாடையைத் தார்ப்பாய்ச்சிச் செருகிக்கொண்டு ஓடுவோம். விளையாடி முடித்ததும் இறக்கிவிட்டுக்கொள்வோம். சிராய்ப்பு, நீலம் பாய்ந்த கணுக்கால், வீங்கின முழங்கால் எல்லாம் பாவாடைக்குள் போய்விடும். பையன்கள் காயத்தைக் காட்டிக்கொண்டு நடந்தார்கள். எங்கள் காயத்தை வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பார்க்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் மாதா திருநாளுக்குப் பக்கத்துக் கரையோடு பந்தயம் வைத்தார்கள். எனக்கு மூன்று வயது மூத்த அண்ணன் எங்கள் கரைக்காக விளையாடினான். இடைவேளைக்குப் பிறகு பந்தைத் துரத்திக்கொண்டு போனவன், மணலில் பாதி புதைந்து கிடந்த ஒரு நங்கூரக் கல்லில் முழங்கால் பட விழுந்தான். அவனைப் பாய்மரத் துணியில் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு வர, பின்னால் திருநாள் கூட்டமே வந்தது. எங்கள் வீட்டு வேலி அன்றைக்குச் சாய்ந்ததுதான், பிறகு அது நிமிரவே இல்லை.

மறுநாள் காலையில் ஆசான் வந்தார். ஆசான் என்று நாங்கள் சொல்வது வர்ம வைத்தியரை. திருவட்டாறு பக்கத்துக்காரர். காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் எங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். எலும்பு, நரம்பு, மூட்டு என்றால் ஆசான்தான். அதில் எங்கள் கரையில் மதபேதம் கிடையாது. நெற்றி நிறைய விபூதியோடு வந்து, மாதா படத்துக்குக் கீழே பாயில் சம்மணம் போட்டு உட்காருவார். முதலில் அவர் காலைத் தொடமாட்டார். கேட்பார். எத்தனை நாழிகைக்கு முன்னால் பட்டது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, விழுந்து பட்டதா, இடித்துப் பட்டதா, திருகிப் பட்டதா. ஒரே வீக்கமாக இருந்தாலும் வந்த வழி வேறானால் மருந்து வேறு என்பார். வழி தெரியாமல் அவர் விரலை எடுத்து வைக்கமாட்டார்.

"மக்களே, எங்கன பட்டுது? நேரா பறயணும்" என்று அண்ணனிடம்தான் கேட்டார்; ஒற்றைப் பிள்ளையையும் மக்களே என்றுதான் அவர் அழைப்பார். பதில் சொன்னது முற்றத்தில் நின்ற பன்னிரண்டு பேர். ஒருவன் இப்படித்தான் விழுந்தான் என்று விழுந்து காட்டினான். அப்படி இல்லை என்று இன்னொருவன் அவனை எழுப்பிவிட்டு வேறு மாதிரி விழுந்தான். கல்லுக்குப் பதிலாக எங்கள் அம்மிக்குழவியைக் கொண்டுவந்து வைத்தார்கள். விழுந்து காட்டிய ஒருவனுக்கு நிஜமாகவே முழங்கையில் பட்டு, ஆசான் அவனுக்கும் எண்ணெய் போட வேண்டியதாயிற்று. கடைசியில், "முட்டுச்சிரட்டையிலதான் அடி. திருகல் இல்ல" என்று தீர்மானித்தார். எங்கள் பக்கம் தேங்காய் ஓட்டுக்குச் சிரட்டை என்று பெயர். முட்டு என்கிற முழங்கால் மேல் கவிழ்த்து வைத்தாற்போல் இருக்கும் வட்ட எலும்பும் அதே பெயரில் முட்டுச்சிரட்டை. உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தைகளை வைத்துக் காலை நேராக நீட்டிக் கட்டினார்.

அண்ணன் அந்த இருபத்தொரு நாளும் ராஜாவாக இருந்தான். ஆட்டுக்கால் சூப் அவனுக்கு. சாமியார் வந்து பார்த்தார். வந்தவர்களுக்கெல்லாம் அவன் கதை சொன்னான். முதல் வாரம் தேங்காய் அளவு இருந்த கல் மூன்றாவது வாரம் உரல் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அப்பன் கடலிலிருந்து வந்ததும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பந்தயம் எப்படிப் போனது என்று திரும்பத் திரும்பக் கேட்பார். இருபத்திரண்டாம் நாள் கட்டைப் பிரித்தபோது கால் நன்றாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து என்னுடைய முறை.

அன்றைக்கு அப்பனும் அண்ணனும் கடலுக்குப் போயிருந்தார்கள். கரையில் ஆள் குறைவு. நான் பந்தோடு ஓடினேன். ஒரு பையன் குறுக்கே வந்தான். இடித்தது தெரியும். முழங்காலுக்குள் காய்ந்த மட்டை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது தெரியும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. கண் முழுக்கப் பந்தில் இருந்தது. எழுந்து நிற்கப் பார்த்தேன், இடது கால் நீளவில்லை. பாதி மடங்கினபடியே பூட்டிக்கொண்டு நின்றது. மாமன் மகள்கள் இரண்டு பேரும் என்னைத் தோளில் தாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பையன்கள் ஒருவரும் கூட வரவில்லை. வந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கும் தெரியும்.

வாசலில் அம்மை நின்றாள். அவள் தலைச்சுமையாக மீன் கொண்டுபோய் உள்நாட்டுச் சந்தையில் விற்று வருகிறவள். எட்டு மைல் போக, எட்டு மைல் வர. பேச்சு குறைவு, பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. என்னை இறக்கி வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"கெணத்தங்கரையில வழுக்கி விழுந்தா. முட்டு கல்லுல இடிச்சுட்டு. கேட்டியளா ரெண்டுபேரும்?"

மாமன் மகள்கள் தலையை ஆட்டிவிட்டு ஓடினார்கள். என்ன ஆச்சு என்று என்னிடம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்கு வலியை விட அதிகமாக வலித்தது. பெற்றவள் கேட்க வேண்டாமா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று புரியாத வயசு இல்லை எனக்கு. அப்பனுடைய அக்கா, அதாவது என் அத்தை, இன்னொரு கரையில் ஒரு வீட்டில் என்னைப் பற்றிப் பேச்செடுத்திருந்தாள். ஈஸ்டர் கழிந்து பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். கிணற்றடியில் வழுக்கி விழுந்த பெண்ணை யாரும் ஒதுக்கிவிட மாட்டார்கள். தார்ப்பாய்ச்சிக்கொண்டு ஆண்பிள்ளைகளோடு பந்து அடித்து விழுந்தவள் என்றால் அந்தப் பேச்சு அப்படியே முடிந்துபோகும். அது மட்டுமில்லை, அந்தப் பெயர் எந்தக் கரைக்குப் போனாலும் எனக்கு முன்னால் போய் நிற்கும்.

ஆசான் வந்தார். இந்தத் தடவை முற்றத்தில் யாரும் இல்லை. கதவு பாதி சாத்தியிருந்தது. வழக்கம்போலக் கேட்டார். அம்மை எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். கிணற்றடிக் கல்லில் பாசி. குடம் இடுப்பில். முட்டு குத்திட்டு விழுந்தாள். திருகல் ஏதும் இல்லை. எங்கள் வீட்டில் அதுவரை நடந்த ஒரே முட்டுக் காயம் அண்ணனுடையது. அவனுடைய காயத்தையே எடுத்து எனக்குப் போட்டுவிட்டாள். வேறு காயம் அவளுக்குத் தெரியாது என்றுதான் அப்போது நான் நினைத்தேன்.

"அப்படியா மக்களே?" என்று ஆசான் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

அம்மை என் பக்கம் திரும்பவே இல்லை. அடுக்களைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஆமா" என்றேன்.

அண்ணனுக்குச் செய்த அதே வைத்தியத்தைச் செய்தார். அதே உளுந்து மாவு, அதே முட்டை வெள்ளை, அதே மூங்கில் பத்தை. கால் நேராக நீளவில்லை. வீக்கத்தினால்தான் நீள மறுக்கிறது என்று எண்ணி, மெல்ல மெல்ல அழுத்தி, முடிந்தவரை நீட்டிக் கட்டினார். நான் போட்ட சத்தத்தில் கோழிகள் கூரையேறின. "ஒனக்க அண்ணன் இவ்வளவு கத்தல்லியே" என்றார் ஆசான். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் விரலைக் கடித்திருப்பேன்.

பதினாலு நாள் கிடந்தேன். யாரும் பார்க்க வரவில்லை. வந்தாலும் அம்மை வாசலிலேயே நிறுத்தி, "ஒறங்குதா" என்று சொல்லி அனுப்பினாள். அண்ணன் மட்டும் இரவில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "எவன் இடிச்சான்? செல்லு, நான் பாத்துக்கிடுதேன்" என்பான். கரையில் அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் பெயர் சொல்லவில்லை. அந்தப் பையன் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. பந்துக்குத்தான் வந்தான், என் காலுக்கு வரவில்லை.

ஆசான் திரும்பி வந்து கட்டைப் பிரித்தார். கால் நீளவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு இன்னும் பதினாலு நாளைக்குக் கட்டினார். அதுவும் போயிற்று. இருபத்தெட்டாம் நாள் பிரித்தபோது தொடை மெலிந்து, தோல் வெளிறி, முழங்கால் முதல் நாள் நின்ற அதே கோணத்தில் பூட்டிக்கொண்டு நின்றது. கீழே ஊன்றினால் குதிகால் தரையைத் தொடவில்லை.

அன்று அப்பன் வீட்டில் இருந்தார். கடல் கோபமாக இருந்ததால் மரம் இறக்கவில்லை. ஆசான் வெகுநேரம் முழங்காலின் இரண்டு பக்கமும் பெருவிரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டார்.

"இது விழுந்த முட்டு இல்ல. திரும்பின முட்டு. எங்கிட்ட ஆரோ பொய்யி பறஞ்சிருக்கு."

மறுபடி என் முழங்காலில் விரலை வைத்துக் காட்டினார்.

"சிரட்டையில ஒரு கேடும் இல்ல. உள்ள சவ்வு மடங்கி இடையில கேறிக்கிட்டு நிக்கி. நான் அதும்மேல இருவத்தெட்டு நாளு கட்டிப் போட்டிருக்கேன். இனியும் கட்டினா இப்படியே உறச்சுப் போவும். பிறவு ஆயுசு முழுக்கக் கம்பு ஊணித்தான் நடப்பா."

அப்பன் அம்மையைப் பார்த்தார். அம்மை அடுக்களை வாசலில், கையில் அகப்பையோடு நின்றாள். ஒரு பெயரைக் காப்பாற்ற என் காலைக் கொடுக்கிறார்கள், அதையும் என்னிடம் கேட்காமல் கொடுக்கிறார்கள் என்று தோன்றியது.

"பந்து" என்றேன். "கெணத்தங்கரையில விழல்ல. பந்து அடிச்சப்ப பட்டது. கரையில."

அப்பன் மெதுவாகக் கேட்டார். "ஆரு கூட?"

"பயலுவ கூட."

"எத்தன நாளாட்டு?"

"சாளை வரத் தொடங்கினதிலேந்து."

அப்பன் எழுந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ஆசான் குறுக்கே கையை நீட்டினார். "ஒங்க வழக்கப் பிறவு வச்சுக்கிடுங்க. பந்தோ பம்பரமோ, எனக்கு அது ஒண்ணும் வேண்டாம். இவ காலு எந்தப் பக்கம் திரும்பிச்சு? அது தெரியணும். மடக்கி, திரும்பின வழியே கொண்டுபோயி, மறுபக்கமாட்டு விடுவிக்கணும். பக்கம் மாறிப்போனா உள்ள இருக்கிறதும் கிழிஞ்சிரும். மக்களே, நல்லா ஆலோசிச்சுப் பற. எடத்தயா? வலத்தயா?"

யோசித்தேன். பந்து எங்கே இருந்தது என்று சொல்ல முடியும். அது எத்தனை தடவை குதித்தது, அதில் எந்தப் பக்கம் வார் இருந்தது என்றுகூடச் சொல்ல முடியும். என் கால் என்ன செய்தது என்று எனக்குத் தெரியவில்லை. விளையாடும்போது யாராவது சொந்தக் காலைப் பார்ப்பார்களா?

"ஓர்ம இல்ல" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"கூட இருந்த பிள்ளைகளுக்குத் தெரியுமா?"

தெரியாது. மாமன் மகள்களும் பந்தைத்தான் பார்த்திருப்பார்கள்.

"அந்தப் பயலுவள விளிச்சுக் கேக்கட்டா?" என்றார் அப்பன். கேட்கிற குரல் இல்லை அது. அவர்களைக் கூப்பிட்டால் பழைய மாதிரி முற்றம் நிறைந்துவிடும், கரை முழுக்கத் தெரிந்துவிடும். கூப்பிடாவிட்டால் என் கால் இப்படியே நிற்கும். அப்பன் வாசலைப் பார்ப்பதும் என் காலைப் பார்ப்பதுமாக நின்றார். ஆசான் பெட்டியை மூடத் தொடங்கினார். குத்துமதிப்பாக அவர் எதையும் செய்ய மாட்டார்.

அப்போது அடுக்களை வாசலிலிருந்து அம்மை சொன்னாள்.

"காலு கெழக்கப் பாத்து நின்னுது. உடம்பு கடலோட்டு திரும்பிச்சு."

எங்கள் கரையில் இடது, வலது என்று யாரும் சொல்வதில்லை. கடலோட்டு என்றால் கடலை நோக்கி, கரையோட்டு என்றால் கரையை நோக்கி. பானையை நகர்த்துவதென்றாலும் அப்படித்தான் சொல்வோம். ஆசான் உள்நாட்டுக்காரர். அவருக்கு அது விளங்கவில்லை.

"எனக்குக் கடலு தெரியாது தாயே. கால வச்சுக் காட்டு."

அம்மை அகப்பையைக் கீழே வைத்தாள். நடுவீட்டுக்கு வந்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, கிழக்கே பார்த்து இடது காலை அழுத்தி ஊன்றினாள்.

"இந்தக் காலு மணலுல பொதஞ்சு நின்னுது. மத்த காலு பந்த வெட்டப் பொங்கிச்சு. அந்தப் பய கரைப்பக்கத்தேந்து வந்து, இங்கன, முட்டுக்கு வெளிய இடிச்சான். பாதம் அனங்கல்ல, நின்ன எடத்துலயே நின்னுது. தொட மட்டும் இப்படி."

வலது காலைத் தூக்கி, ஊன்றிய காலின் மேல் உடம்பைக் கடல் இருந்த பக்கம், வலப்பக்கமாக, திருப்பிக் காட்டினாள். ஒரு நொடி ஒற்றைக் காலில் நின்றாள். எட்டு மைல் சுமை நடக்கிற அந்தக் காலை நான் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. என்னைப் போலவே இருந்தது. நான் எப்படி அடிப்பேன் என்று எனக்கே அவள்தான் காட்டினாள்.

"இன்னும் ஒருக்கா காட்டு" என்றார் ஆசான்.

இன்னொரு தடவை காட்டினாள்.

"செரி. போதும்."

ஆசான் என்னைப் படுக்க வைத்து, அப்பனைத் தொடையைப் பிடிக்கச் சொன்னார். முழங்காலை முழுக்க மடக்கி, பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி, பிறகு உள்ளே கொண்டுவந்து ஒரே இழுப்பாக நீட்டினார். நான் கத்தியதை விட உள்ளே கேட்ட சத்தம் பெரிது. கண்ணைத் திறந்தபோது என் இடது கால் பாயில் நேராகக் கிடந்தது. குதிகால் பாயைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் கால் பிறகு என்னவாயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்னும் ஒரு மாதம் எண்ணெய் போட்டு, சுவரைப் பிடித்து நடந்து, பிறகு பிடிக்காமல் நடந்தேன். ஓடினால் எப்போதாவது நழுவும், அதனால் பந்து தொடுவது அதோடு நின்றது. நின்றதில் எனக்கு வருத்தம் உண்டு, அதை மறைக்கவில்லை. பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. பந்து விஷயம் தெரிந்து அல்ல, பையன் கொழும்புக்குப் போய்விட்டான். பிறகு நான் டீச்சர் வேலைக்குப் படித்தேன். எத்தனையோ வருஷம் வகுப்பில் நின்றுகொண்டே பாடம் நடத்தியிருக்கிறேன். இதெல்லாம் பின்னால். அன்றைக்கு நடந்ததில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

ஆசான் கை கழுவப் போனார். அப்பன் என் தொடையிலிருந்து கையை எடுக்கவில்லை. அம்மையைப் பார்த்துக் கேட்டார்.

"நீ பாத்துக்கிட்டா நின்ன?"

"கருவாட்டுக்குக் காவலிருக்கேன்லா அங்கன. கண்ணக் கொண்டுபோயி எங்க வைக்க?"

"அன்னைக்கு மட்டுமா?"

அம்மை செருகிய சேலையை இறக்கிவிட்டுக்கொண்டாள். அன்றைக்கு மட்டும் இல்லை என்று எனக்கும் அப்பனுக்கும் புரிந்தது. சாளை வரத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் அவள் கருவாட்டுப் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒருநாள்கூட என்னை விளித்து நிறுத்தவில்லை. நான் விழுந்த அன்றைக்கும் எங்களுக்கு முன்னால் ஓடிவந்துதான் வாசலில் நின்றிருக்கிறாள். எனக்கு என்ன நடந்தது என்று அவள் கேட்காததற்குக் காரணம் அதுதான். எல்லாம் தெரிந்துகொண்டே இருபத்தெட்டு நாள் அந்தக் கட்டோடு என்னைக் கிடத்தினாளே என்று எனக்கு அவள் மேல் ஆத்திரம் பொங்கியது. அந்த ஆத்திரம் முழுசாக இன்னும் போகவில்லை.

"அவமானம்" என்றார் அப்பன். கோபம் தேய்ந்துபோன குரலில்தான் சொன்னார்.

அம்மை குனிந்து அகப்பையை எடுத்தாள். அடுக்களைக்குள் போகக் கால் எடுத்து வைத்தவள், திரும்பாமலே சொன்னாள்.

"அதுக்கு முன்ன ரெண்டு கோலு அடிச்சா. அந்தப் பய இடிக்கல்லன்னா மூணாவதும் விழுந்திருக்கும்."